கோட்டுப்பைக்கு அடங்கிய பிஸ்டல்

அரைத் தானியங்கிப் பிஸ்டல் 1890களில் பிறந்தபோது அதைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க முடியும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. 1893இல் ஜெர்மனியில் வந்த போர்ச்சார்ட் ஏறக்குறைய ஓர் அடி நீளம். 1896இல் வந்த மவுசரை மரத்தாலான உறையில் வைத்துத் தோளில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். சுட்ட குண்டின் எதிர்விசையே வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் இந்த ஆயுதத்தின் அடிப்படை. கருமருந்துக் காலத்தில் இது நடக்காத காரியம். ஒவ்வொரு முறை சுடும்போதும் படியும் கரி விரைவிலேயே நுண்ணிய பாகங்களை அடைத்துவிடும். 1880களில் புகையில்லா வெடிமருந்து வந்தபின்தான் வழி திறந்தது. ஆனால் முதலில் வந்தவர்கள் எல்லோரும் ராணுவத்தை மனத்தில் வைத்தே செய்தார்கள். சாதாரண மனிதனின் கோட்டுப்பையை அளவாக வைத்துக்கொண்டவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங்.

அவர் வடிவமைத்த சிறிய பிஸ்டலைத் தயாரிக்க அமெரிக்காவில் உடனே ஆள் கிடைக்கவில்லை. பெல்ஜியத்தில் லியேஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்டாலில் எஃப்.என். என்ற தொழிற்சாலை இருந்தது. பெல்ஜிய ராணுவத்துக்கு 1,50,000 மவுசர் ரைபிள்கள் செய்வதற்காக 1889இல் தொடங்கியது அது; அந்த வேலை முடிந்ததும் சைக்கிள் செய்து காலம் தள்ளிக்கொண்டிருந்தது. சைக்கிள் தயாரிப்பைப் பார்த்துவர 1897இல் அமெரிக்காவுக்குப் போன அதன் விற்பனை அதிகாரி ஹார்ட் பெர்க், பிரௌனிங்கின் பிஸ்டலோடு திரும்பினார். (இதே பெர்க்தான் பிறகு ரைட் சகோதரர்களுக்கு ஐரோப்பிய முகவரானார். சரக்கை இனங்காணும் கண் அவருக்கு இருந்தது.) அந்த ஆண்டே ஒப்பந்தம் ஆனது. 1900இல் பெல்ஜிய ராணுவமும் அதை ஏற்றுக்கொண்டது.

எஃப்.என். 1900 மாடலின் நீளம் சுமார் 17 செ.மீ.; எடை 600 கிராமுக்குச் சற்று அதிகம்; கைப்பிடிக்குள் ஏழு தோட்டா. ரிவால்வரின் இடுப்பில் துருத்தி நிற்கும் உருளை இதில் இல்லை. பிஸ்டல் முழுவதும் சப்பட்டையாக இருந்ததால் கோட்டின் மேல் புடைப்புத் தெரியாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி இல்லாததால் உருவும்போது துணியில் மாட்டாது. குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு, விற்பனைக்கு வந்த பிஸ்டல்களில் முதன்முதலாக இதில்தான் இடம்பெற்றது. இன்று எந்தப் பிஸ்டலை எடுத்தாலும் கண்ணில் படுவது அந்த ஸ்லைடுதான்.

இந்தப் பிஸ்டலுக்கென்றே பிரௌனிங் அமைத்த தோட்டாவையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வெற்றி விளங்கும். 7.65 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் .32. வேண்டுமென்றே வலுக்குறைவாக வைக்கப்பட்ட தோட்டா. குண்டு குழலைவிட்டு வெளியேறும்வரை பின்பக்கம் திறக்காமல் பிடித்துவைக்கப் பெரிய பிஸ்டல்களுக்குப் பூட்டு அமைப்பு தேவை. இதற்கோ ஸ்லைடின் எடையும் ஒரு சுருள்வில்லின் எதிர்ப்புமே போதும். பாகங்கள் குறைந்தன, விலை குறைந்தது, பழுதும் குறைந்தது. 1908இல் வந்த .380 தோட்டா இந்த எளிய முறை தாங்கக்கூடிய எல்லையை ஏறக்குறைய தொட்டுவிட்டது. அதற்குமேல் வலு கூட்டினால் ஸ்லைடைக் கனமாக்க வேண்டும். கனமானால் பைக்கு ஆகாது. அடுத்த எழுபது எண்பது ஆண்டுகள் சிறிய பிஸ்டல் என்றால் .32 அல்லது .380 என்றே இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஐரோப்பாவுக்கு எஃப்.என்., வட அமெரிக்காவுக்குக் கோல்ட் என்று பிரௌனிங் சந்தையைப் பிரித்துக் கொடுத்தார். கோல்ட் நிறுவனத்தின் 1903 மாடல் 1945 வரை ஓடியது. ஐந்து லட்சத்தைத் தாண்டி விற்றது. விளம்பரத்தில் 'சுத்தி இல்லாதது' என்று போட்டார்கள். சுத்தி உள்ளே இருந்தது, ஸ்லைடு அதை மூடியிருந்தது, அவ்வளவுதான். அமெரிக்க ராணுவம் தன் ஜெனரல்களுக்கு இதைத்தான் வழங்கியது. வங்கிக் கொள்ளைக்காரன் ஜான் டில்லிஞ்சர் 1934 ஜூலை 22 அன்று சிகாகோவில் சினிமாக் கொட்டகைக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டபோது அவனிடம் இருந்ததும் கோல்ட்டின் சிறிய பிஸ்டலே. 1906இல் எஃப்.என். வெளியிட்ட 6.35 மி.மீ. பிஸ்டல் இன்னும் சிறியது: 11 செ.மீ. சொச்சம் நீளம், வெயிஸ்ட்கோட் பையில் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். அதன் குண்டு என்ன சாதிக்கும் என்ற கேள்வியைப் பெரும்பாலான வாங்குவோர் கேட்டதாகத் தெரியவில்லை. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

அன்றைக்கு வாங்குவது எவ்வளவு சுலபம் என்பதற்கு லண்டன் நல்ல உதாரணம். குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்காக 1903இல் பிரிட்டனில் பிஸ்டல் சட்டம் வந்தது. ஆனால் தபால் நிலையத்தில் பத்து ஷில்லிங் கட்டித் துப்பாக்கி லைசென்ஸ் ஒன்றை வாங்கிவிட்டால் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் விற்றுவிடலாம். பொறியியல் மாணவர் மதன்லால் திங்ரா 1909 ஜனவரியில் ஹோல்பர்னில் இருந்த கேமேஜஸ் பல்பொருள் அங்காடியின் துப்பாக்கிப் பிரிவில் ஒரு கோல்ட் தானியங்கிப் பிஸ்டல் வாங்கினார். டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் காசு கொடுத்துச் சுடும் கூடம் ஒன்றில் பழகினார். ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. எனவே பிரௌனிங் பிஸ்டல் இந்தியப் புரட்சியாளர் கைக்குக் கடைவழியாக வரவில்லை, பெட்டிகளின் கள்ள அடித்தட்டில் வந்தது. சாவர்க்கர் 1909இல் இருபது பிரௌனிங்குகளை அப்படித்தான் லண்டனிலிருந்து அனுப்பினார். அவற்றில் ஒன்றால்தான் அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சனை அனந்த் கன்ஹேரே சுட்டார். தெற்கே அதே வேலையைச் செய்தது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி. அங்கே வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகிய வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். ரயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியை நெருங்கும்வரை மறைத்துவைக்கக்கூடிய ஆயுதம் என்பதே அதன் பொருத்தம்.

சரயேவோவிலும் அதுவே. 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட காவ்ரிலோ பிரின்சிப்பிடம் இருந்தது எஃப்.என். 1910 மாடல், .380 தோட்டா. சதிகாரர்களுக்குக் கொடுக்கப்பட்ட நான்கில் ஒன்று. இன்று வியன்னாவின் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழலைச் சுற்றியே சுருள்வில்லைப் பொருத்தி உடலை இன்னும் ஒல்லியாக்கிய இந்த மாடல்தான் பிரௌனிங்கின் பைத் துப்பாக்கிகளில் மிக நேர்த்தியானது. 1980களின் தொடக்கம்வரை தயாரிப்பில் இருந்தது.

அடுத்து வந்த உலகப்போர் தரத்தைவிட எண்ணிக்கையைக் கேட்டது. பிரெஞ்சு ராணுவம் 1915இல் ஸ்பெயினின் எய்பார் நகரில் ரூபி என்ற .32 பிஸ்டலுக்கு ஆர்டர் கொடுத்தது. கேட்ட அளவைக் கபிலோண்டோ நிறுவனத்தால் தனியாகச் செய்ய முடியாமல் ஊரில் இருந்த பட்டறைகளுக்கெல்லாம் வேலை பிரிந்தது. விளைவு வேடிக்கையானது: ஒரு பட்டறையின் மேகசின் இன்னொரு பட்டறையின் பிஸ்டலில் ஏறாது. கடைசியில் எந்த மேகசின் எதற்கு என்று தெரிய எழுத்துக் குறிகளை அடிக்க வேண்டியதாயிற்று. இன்றும் பழைய ரூபி வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது அந்த எழுத்துகளைத்தான்.

எடுத்துச் செல்லும் முறையை மாற்றியவர்கள் ஜெர்மானியர். கோல்ட் 1903, எஃப்.என். 1910 ஆகிய இரண்டிலுமே தோட்டா அறையில் குண்டு ஏறியிருந்தால் உள்ளே விறைத்து நிற்கும் சுடும் பொறியை ஒரு சிறிய பூட்டும், கைப்பிடியின் பின்னுள்ள அழுத்துபட்டையும் மட்டுமே தடுத்து வைத்திருக்கும். எச்சரிக்கையானவர்கள் தோட்டா அறையைக் காலியாக வைத்துக்கொண்டே நடந்தார்கள். தேவைப்படும்போது இரண்டு கையாலும் ஸ்லைடை இழுத்தாக வேண்டும். 1929இல் செல்லா-மேலிஸ் ஊரின் கார்ல் வால்தர் நிறுவனம் வெளியிட்ட பிபி பிஸ்டலில் சுத்தியை அறைந்துவிடாமல் இறக்கிவைக்கும் நெம்புகோல் இருந்தது. விசையை நீளமாக அழுத்தினால் அதுவே சுத்தியைத் தூக்கி முதல் குண்டைச் சுடும். குண்டு ஏறியிருக்கிறதா என்று இருட்டில் தடவிப் பார்க்கச் சுத்திக்கு மேலே ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். சீருடை அணியாத துப்பறிவாளர்களுக்காக இதையே குறுக்கிச் செய்தது பிபிகே. 1945 ஏப்ரல் 30 அன்று ஹிட்லர் தன்னைச் சுட்டுக்கொண்டதும் பிபிகே ஒன்றால்தான். மூன்றாண்டு கழித்து, 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தியைக் கொன்றது இத்தாலியின் பெரட்டா 1934, அதுவும் .380.

போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் பைகளில் ஜெர்மன் பிஸ்டல்கள் ஆயிரக்கணக்கில் கடல் கடந்தன. பழைய பிஸ்டலுக்கென்று ஒரு சந்தை உருவானது இங்கிருந்துதான். கழுகு முத்திரை இருக்கிறதா, வரிசை எண்கள் பொருந்துகின்றனவா, சிப்பாய்க்கு மேலதிகாரி எழுதிக்கொடுத்த கைப்பற்றுச் சீட்டு கூடவே இருக்கிறதா என்பவை விலையைத் தீர்மானித்தன. அயன் ஃபிளெமிங் தன் கதாநாயகன் ஜேம்ஸ் பாண்டுக்குக் கொடுத்திருந்த .25 பெரட்டாவை ஜெஃப்ரி பூத்ராய்டு என்ற துப்பாக்கி ஆர்வலர் கடிதம் எழுதிக் கிண்டல் செய்ய, 1958இல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்ட் பிபிகேவுக்கு மாறினார். வால்தர் எந்த விளம்பரத்தாலும் பெற்றிருக்க முடியாத புகழ் அது.

அதற்குள் சட்டம் குறுக்கே வந்தது. 1968ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், இறக்குமதியாகும் கைத்துப்பாக்கிகளுக்குப் பரீட்சை போல மதிப்பெண் வைத்தது. பிஸ்டல் குறைந்தது 6 அங்குல நீளமும் 4 அங்குல உயரமும் இருக்க வேண்டும்; மொத்தம் 75 மதிப்பெண் எடுக்க வேண்டும். பிபிகே உயரத்தில் இம்மியளவில் தவறியது. வால்தர் நிறுவனம் பிபியின் பெரிய உடலில் பிபிகேவின் ஸ்லைடையும் குழலையும் பொருத்தி, பிபிகே/எஸ் என்று பெயரிட்டு அனுப்பியது. கள்ளத்தனமாக மறைக்க வசதியான சிறிய பிஸ்டல்களைத் தடுப்பதே விதியின் நோக்கம். அரை விரற்கடை உயரத்தால் எந்தக் குற்றம் குறைந்தது என்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம். உள்நாட்டில் செய்தால் இந்த விதி பொருந்தாது என்பதால் பிறகு அலபாமா மாநிலத்திலேயே உரிமம் பெற்று பிபிகே தயாரித்தார்கள்.

காவல்துறைகள் இந்தச் சிறிய தோட்டாவைக் கைவிட்டதும் இதே காலத்தில்தான். 1974 மார்ச் 20 அன்று லண்டனில் இளவரசி ஆனைக் கடத்த முயன்றவனோடு மோதிய மெய்க்காவலரின் பிபிகே நடுவில் அடைத்துக்கொண்டது. பிரிட்டிஷ் அரச பாதுகாப்புப் பிரிவு அதை விலக்கியது. 1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பிறகு ஜெர்மன் போலீஸார் 9 மி.மீ. பாரபெல்லத்துக்கு மாறினார்கள், அவர்கள் கழித்த பிபிகள் பழைய சந்தைக்குப் போயின. 1989க்குப் பின் கிழக்கு ஐரோப்பாவின் கிடங்குகள் திறந்து, சோவியத் ராணுவம் 1951இல் ஏற்ற மகாரோவ், செக்கோஸ்லோவாக்கியாவின் பன்னிரண்டு தோட்டா சிஇசட் 82, போலந்தின் பி-64 எல்லாம் குறைந்த விலைக்கு அமெரிக்காவில் குவிந்தன. புதிதாகச் செய்த ரஷ்ய மகாரோவ்கள் சிலவற்றில் குறிபார்க்கும் பகுதியைத் திருகி நகர்த்தும் வசதியைச் சேர்த்திருந்தார்கள். சுடுவதற்கு அது தேவையில்லை, இறக்குமதி மதிப்பெண்ணுக்குத் தேவைப்பட்டது. ஐம்பது ஆண்டு கடந்த துப்பாக்கிகளைப் பழம்பொருளாகக் கருதும் விதி அமெரிக்காவில் இருப்பதால், சேகரிப்போர் உரிமம் பெற்றவர்கள் அப்படிப்பட்டவற்றை வெளி மாநிலத்திலிருந்தும் நேராக வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளலாம்.

தினமும் உடன் எடுத்துச் செல்கிறவர்கள் பக்கம் பார்த்தால் பழைய பிஸ்டல்களின் காலம் 1990களில் சுருங்கத் தொடங்கியது. பூட்டு அமைப்பையே சிறிதாக்கக் கற்றுக்கொண்டதும் முழு வலு 9 மி.மீ. தோட்டாவைச் சுடும் குளோக் 26 போன்றவை 1995இல் வந்தன. 2008இல் வந்த ரூகர் எல்சிபி .380 பிஸ்டல் பிபிகேவில் பாதி எடைகூட இல்லை. எஃகில் கடைந்த பழைய பிஸ்டலைச் சுட்டுப் பார்த்தவர்கள் அதன் இன்னொரு குறையையும் அறிவார்கள்: பெரிய கை உள்ளவர்களுக்குக் கட்டைவிரல் சந்தில் ஸ்லைடு தோலைக் கிழித்துவிடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2002இல் பிபிகே தயாரிப்பை ஏற்றபோது அந்த இடத்தில் உலோகத்தை நீட்டிச் சரிசெய்தது.

இந்தியாவில் இந்த வரலாறு வேறு கணக்கில் தொடர்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட அளவு, தனியாருக்குப் பெரும்பாலும் எஞ்சியது .32. தனியார் இறக்குமதி 1980களில் நின்றுபோனதால், அதற்கு முன் வந்த வெப்ளி அண்ட் ஸ்காட், கோல்ட், வால்தர் பிஸ்டல்களே கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் விலை பல லட்சம். புதிதாக வேண்டுமென்றால் அரசுத் தொழிற்சாலைகளின் .32 பிஸ்டல் உண்டு. வாங்குபவர் கையில் உரிமம் இருக்க வேண்டும். எந்த மாவட்டம், எந்த மாநிலம் வரை எடுத்துச் செல்லலாம் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் பெரும்பாலும் அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, முடிவு வெளியானபின் போய்த் திருப்பி வாங்கிவர வேண்டும்.