பாடும் பாலிசியும்

பழவேற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டிப் போக வேண்டும். சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி அதுதான். பூநாரை பார்க்கப் போகிறவர்கள், அப்படியே டச்சுக் கல்லறைகளையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மீன் குழம்பு சாப்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் கோட்டைக்குப்பத்தை யாரும் கவனிப்பதில்லை.

பேரிலேயே கோட்டை இருக்கிறது பாருங்கள்! சந்திரகிரி அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு 1610-ல் டச்சுக்காரர்கள் இங்கே காலூன்றினார்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. எதற்கு? துணி வியாபாரத்தையும் சரக்கையும் காப்பாற்றத்தான். இன்று அந்தக் கோட்டை இருந்த இடத்தில் முட்புதர்தான் மண்டிக் கிடக்கிறது.

ஆனால், குப்பத்துக்காரர்கள் கல்லும் சுண்ணாம்பும் இல்லாமல் ஒரு கோட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் 'பாடு'.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில் அள்ளலாம். மற்ற இடங்களில் வலை காய்ந்துதான் வரும். நல்ல இடத்தை வலுத்தவன் வளைத்துக்கொண்டால்? அதனால்தான் கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்களும் முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு உனக்கு நல்ல இடம், நாளைக்கு எனக்கு. ஒருத்தன் தலையில் மட்டும் துரதிர்ஷ்டம் விழாமல் எல்லோருமாகப் பங்கு போட்டுக்கொள்கிற ஏற்பாடு. இன்ஷூரன்ஸ் என்று நாம் சொல்வதன் அடிப்படையும் இதேதான்.

'இதற்கும் என் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா... கொஞ்சம் லண்டன் வரை போய் வருவோம்.

கப்பலுக்கும் சரக்குக்கும் இன்ஷூரன்ஸ் செய்வது ஐரோப்பாவில் பழைய பழக்கம். அதில் வரும் தகராறுகளைத் தீர்க்கவே ஆம்ஸ்டர்டாமில் 1598-ல் தனி மன்றம் வைத்துவிட்டார்கள். குடியிருக்கிற வீட்டுக்கு அப்படி ஒரு ஏற்பாடு வர, ஒரு பேக்கரி பற்றி எரிய வேண்டியிருந்தது!

1666 செப்டம்பர் 2. லண்டன் புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக் கடையில் கிளம்பிய தீ, நான்கு நாட்களில் சுமார் 13,200 வீடுகளைத் தின்று தீர்த்தது. அதைவிடப் பெரிய கொடுமை அப்புறம்தான். அன்றைய குத்தகைப் பத்திரங்கள் பலவற்றில், வீட்டைப் பழுது பார்ப்பது குடியிருப்பவர் பொறுப்பு, வாடகையும் நிற்காது. வீடு சாம்பல், சாமான் சாம்பல், ஆனால் வாடகை மட்டும் உயிரோடு! ஊரே வழக்கும் வம்புமாக நிற்க, 1667-ல் தீ வழக்குகளுக்கென்றே ஒரு நீதிமன்றம் வைத்தார்கள். நஷ்டத்தில் வீட்டுக்காரர் எவ்வளவு, குடித்தனக்காரர் எவ்வளவு என்று நீதிபதிகள் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார்கள்.

நிக்கலஸ் பார்பன் என்று ஒருவர். ஹாலந்தில் வைத்தியம் படித்துவிட்டு, லண்டனில் வீடு கட்டி விற்றுக் காசு பார்த்தவர். 1680 வாக்கில் வீடுகளுக்கான இன்ஷூரன்ஸ் ஆபீஸைத் திறந்தார். செங்கல் வீடு என்றால் வருட வாடகை மதிப்பில் இரண்டரை சதவிகிதம். மர வீட்டுக்கு ஐந்து. ஆபத்து இரட்டிப்பு, கட்டணமும் இரட்டிப்பு! ஆனால், அவர் காப்பாற்றியது கட்டடத்தை மட்டும்தான். உள்ளே இருக்கும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் சேர்த்துப் பாலிசி கொடுக்கும் 'சன்' கம்பெனி 1710-ல்தான் வந்தது.

கட்டடம் வேறு, சாமான் வேறு... இந்தக் கோட்டை இங்கேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கும் வீட்டு இன்ஷூரன்ஸ் மொத்தமும் இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது.

நம் ஊருக்கு வருவோம். 1850-ல் கல்கத்தாவில் ட்ரைடன் கம்பெனியோடு பொது இன்ஷூரன்ஸ் தொடங்கியது. 1973-ல் 107 கம்பெனிகள் நான்கு அரசு நிறுவனங்களாக அடங்கின. அதில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னையில். தனியார் கம்பெனிகள் 2000-க்குப் பிறகு திரும்பி வந்தன. பாலிசியோ கம்பெனிக்கு ஒரு மாதிரி. 2021 ஏப்ரலில்தான் எல்லோருக்கும் பொதுவாக 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுப் பாலிசி வந்தது.

அதில் என்ன இருக்கிறது? தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி எல்லாம் அடக்கம். கட்டடத் தொகை என்பது மறுபடி கட்ட ஆகும் செலவு. மனை விலையைச் சேர்க்கக் கூடாது. மண்ணை வெள்ளமா கொண்டு போகப் போகிறது? கட்டடத்தோடு சேர்த்து எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவிகிதம் வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்கு, பொதுவான சாமான்கள் தானாகவே உள்ளே வந்துவிடும். நகைநட்டுக்குத் தனியாகச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். திருட்டு? புயல், வெள்ளம் போன்ற விபத்து நடந்த ஏழு நாட்களுக்குள் போனால்தான் கணக்கு. சாதாரணத் திருட்டுக்கு வேறு பாலிசி.

அடுக்குமாடியில் இருக்கிறீர்களா? மாடிப்படி, லிஃப்ட், மொட்டை மாடி எல்லாம் எல்லோருக்கும் பொது. அதற்கு அசோசியேஷன் பாலிசி எடுத்திருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். வாடகை வீடா? 'வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறார்' என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள். அது அவர் சுவருக்கு. உங்கள் ஃப்ரிட்ஜுக்கும் டி.வி-க்கும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சாமான்களுக்கு மட்டுமே பாலிசி எடுக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

சரி, கோட்டைக்குப்பத்துக்காரர்களிடம் பாடு இருக்கிறதே, போதாதா? போதாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. பழவேற்காட்டுக் கரையோரக் குப்பங்களும் தப்பவில்லை. ஒருவன் வலை வெறுமையாக வந்தால் ஊர் தாங்கும். ஊர் ஊராக வலையும் படகும் வீடும் போனால் யார் யாரைத் தாங்குவது? கோவையில் இருப்பவர், குவாஹாத்தியில் இருப்பவர் எல்லோரும் ஒரே உண்டியலில் காசு போட்டிருந்தால்தான் அன்றைக்கு உதவும். பாலிசி என்பது முகம் தெரியாதவர்களோடு நீங்கள் போட்டுக்கொள்ளும் பாடு.

பாடுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதில் உரிமை சில குடும்பங்களுக்கு மட்டும்தான். அதே ஏரியை நம்பிப் பிழைக்கிற தலித்துகளும் பழங்குடிகளும் வெளியே நிற்கிறார்கள். அதனால் சண்டையும் நடந்திருக்கிறது. எந்தப் பாதுகாப்பு வளையத்துக்கும் வெளியே சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். 1666-ல் லண்டன் குடித்தனக்காரர் இருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வாடகை வீட்டில் மெத்தையும் பிள்ளைகளின் சர்டிஃபிகேட்டுமாக நனைந்து நின்ற சென்னைக்காரரும் இருந்தார்.

நீங்கள் வளையத்துக்கு உள்ளேயா, வெளியேயா? பீரோவைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அடுத்த மழைக்கு முன்னால்!