தாளத்தில் வேரூன்றிய அரங்கு: புதுக்கோட்டையின் இசையும் நாடகமும்

புதுக்கோட்டை நகருக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள குடுமியான்மலையில், சிகாநாதசுவாமி கோயிலின் குடைவரைக்கு அருகே ஒரு பாறைச் சரிவு முழுவதும் இசை எழுதப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பல்லவ கிரந்த எழுத்தில், சுரங்கள் நான்கு நான்காகப் பிரித்து வெட்டப்பட்டுள்ளன. மத்தியமகிராமம், சட்ஜகிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என ஏழு பண்டைய இராகங்களுக்கு ஏழு பகுதிகள். ஒரே சுரத்துக்குரிய மெய்யெழுத்து அ, இ, உ, எ என்னும் உயிர்களை மாறி மாறி ஏற்று வருகிறது. சில எழுத்துகளின் மேல் புள்ளிகளும் உள்ளன. அந்தப் புள்ளிகள் எதைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த முடிவு இல்லை.

உருத்திராசாரியரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று கல்வெட்டின் முடிவுரை கூறுகிறது. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்ற பொருளில் ஒரு தமிழ்க் குறிப்பும் உண்டு. எட்டு, ஏழு என்பன நரம்புக் கருவிகளின் தந்திகள் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். இசை பொதுவாக வாய்வழியே கற்பிக்கப்பட்ட நாட்டில் பயிற்சிப் பாடத்தைப் பாறையில் பொறித்துவைத்த செயல் மிக அரியது. 1904இல் இந்தக் கல்வெட்டு கண்டறியப்பட்டபோது பண்டை இந்திய இசைக்கு எழுத்து வடிவில் ஒரு நேரடிச் சான்று கிடைத்தது. அரசன் யார் என்பது வேறு வழக்கு. 'மத்தவிலாசம்' என்ற அங்கத நாடகத்தை எழுதிய மகேந்திரவர்மப் பல்லவனே இதைச் செய்தான் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. இந்தப் பகுதியில் அவனுடைய ஆட்சி பரவியிருந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்று பின்வந்தோர் மறுத்தனர்.

திருமயம், மலையக்கோயில் ஆகிய இடங்களிலும் இதே வகை இசைக் கல்வெட்டின் எச்சங்கள் உள்ளன. 'பரிவாதினி' என்ற வீணையின் பெயர் அங்கே தெளிவாக வாசிக்கக் கிடைக்கிறது. திருமயத்துச் சிவன் குடைவரையில் இருந்த இசைப் பகுதியின் பெரும்பாகம் அழிந்துவிட்டது. அங்கிருந்த சைவ, வைணவக் கோயில்களுக்கு இடையிலான சொத்து வழக்கை 13ஆம் நூற்றாண்டில் போசளத் தளபதி அப்பண்ணன் தீர்த்துவைத்தான். அந்தத் தீர்ப்பைப் பொறிப்பதற்காகப் பழைய எழுத்துகள் செதுக்கி நீக்கப்பட்டன. நிலத்தகராறு ஒன்றின் தீர்ப்புக்கு இடம் தேடியவர்கள் ஒரு காலத்தின் இசையறிவையே இழக்கச் செய்தார்கள். இந்த மாவட்டத்தின் கலை வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

இசைக்கு அடுத்து ஆடலும் கூத்தும் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றன. திருவேங்கைவாசல் கோயிலின் இடைக்காலக் கல்வெட்டு ஏழுநாட்டு நங்கை என்ற சாந்திக்கூத்தியை, அதாவது சாந்திக்கூத்து ஆடும் பெண்ணை, குறிப்பிடுகிறது. சித்திரைத் திருவிழாவில் அவள் கூத்தாட வேண்டும். அதற்காக அவளுக்கு நிலம். எந்த விழாவில், யார் ஆடுவது, அதற்கு என்ன ஊதியம் என்பது முன்கூட்டியே முடிவாகி, ஊரறியக் கல்லில் நின்றது. கோயில் மண்டபமே அரங்காகவும் கோயில் நிலமே கலைஞரின் ஊதியமாகவும் இருந்த இந்த ஏற்பாடு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தொடர்ந்தது.

அதன் கடைசிக் கட்டம் விராலிமலையில் நடந்தது. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய முருகன் தலம் அது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி நேர்ந்துவிடப்பட்ட 32 பெண்கள், பின்னாளில் பரதநாட்டியம் ஆன சதிரை அங்கே ஆடி வந்ததாக அந்த மரபினர் சொல்கின்றனர். நாள்தோறும் மலைப்படி ஏறி சுவாமி முன் பாடியாடுவதும், விழாக்காலங்களில் குறவஞ்சி நடிப்பதும் அவர்களுடைய கடமை. ஆடுபவரே பாடவும் வேண்டும் என்பது இந்தச் சதிரின் இலக்கணம். மேடைப் பரதநாட்டியத்தில் பாட்டு பக்கத்தில் அமர்ந்தவரிடம் போய்விட்டது. விராலிமலையில் அது ஆடுபவரின் வாயிலேயே இருந்தது. நட்டுவனார் குடும்பங்கள் சொல்லையும் ஜதியையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தன.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் தங்களைப் பிரகதாம்பாளின் தாசர்களாகக் கருதியவர்கள். திருக்கோகர்ணத்தில் அம்மன் சன்னிதி இருந்ததால், அந்த ஊரைச் சுற்றி இசைக் குடும்பங்கள் பெருகின. சமஸ்தானத்தின் பெருவிழா நவராத்திரி. அப்போது அரிசியோடு அம்மன்காசு என்ற சமஸ்தான நாணயமும் வழங்கப்பட்டது; தர்பாரும் கச்சேரியும் நடந்தன. சமஸ்தான வீணை வித்துவான்களின் குடும்பத்தில், திருக்கோகர்ணத்தில், 1888இல் பிறந்தவர் சாம்பசிவ ஐயர். பின்னர் காரைக்குடியில் குடியேறியதால் அவரும் அண்ணன் சுப்பராம ஐயரும் காரைக்குடி சகோதரர்கள் என்று பெயர் பெற்றனர். அண்ணன் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், தம்பி மடியில் கிடத்தி வாசிப்பார். 1952இல் சாம்பசிவ ஐயர் சங்கீத கலாநிதி ஆனார்.

ஆனாலும் புதுக்கோட்டை என்றவுடன் இசையுலகம் முதலில் நினைப்பது வீணையை அன்று, தோற்கருவிகளை. அந்தப் பெயர் அரண்மனையில் பிறந்தது அன்று. கோயில் வாசலில் தவில் வாசித்த மாரியப்பத் தவில்காரரிடம் தாளம் கற்ற மான்பூண்டியா பிள்ளையிடமிருந்து அது தொடங்குகிறது. பஜனைகளில் ஒரு துணையொலியாக மட்டுமே இருந்த கஞ்சிராவை அவர் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். பலாமரச் சட்டம், ஒரு பக்கம் உடும்புத் தோல், சட்டத்தின் பிளவில் சிறு உலோக வில்லைகள் என்பதே அதன் அமைப்பு. தோலில் நீர் தடவிச் சுருதியைத் தாழ்த்தி, ஒரு கையால் பிடித்து மறு கை விரல்களால் வாசிக்க வேண்டும். மிருதங்கத்தின் இரு கண்கள் தரும் சொற்களையெல்லாம் இந்த ஒரு தோலில் எழுப்புவது கடும் பயிற்சியால் மட்டுமே ஆகும். இன்று உடும்பு சட்டப்படி பாதுகாக்கப்படும் உயிரினம் என்பதால் ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் புழக்கத்தில் வந்துள்ளன.

தஞ்சாவூரின் புகழ்பெற்ற மிருதங்க வித்துவான் நாராயணசாமி அப்பாவுடன் மான்பூண்டியா பிள்ளை வாசித்து அவருடைய பாராட்டைப் பெற்றது இசையுலகில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் செய்தி. தஞ்சை வழி பாட்டைத் தழுவிப்போகும் நயத்துக்குப் பெயர்பெற்றது. புதுக்கோட்டை வழி தவிலிலிருந்து கிளைத்தது. ஆகவே கணக்கும், நீண்ட கோர்வையும், ஒரு நடைக்குள் மற்றொரு நடையைப் புகுத்தித் தாளம் வழுவாமல் சமத்துக்கு வந்துசேரும் துணிவும் அதன் அடையாளம் ஆயின. தனி ஆவர்த்தனம் கச்சேரியில் இன்று பெற்றிருக்கும் விரிவுக்கு இந்த வழியின் பங்கு பெரிது.

அவருடைய மாணவர்களில் முதன்மையானவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936). மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் தேர்ந்தவர். காரைக்குடி சகோதரர்களின் வீணைக்கும் வாசித்தவர். இளைஞராக இருந்த பாலக்காடு மணி ஐயர் அவர் வாசிப்பைக் கேட்டும் அவரோடு மேடையில் அமர்ந்தும் தம் வழியை விரிவாக்கிக்கொண்டார். திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கம் கற்றதும் இவரிடமே. பெண்கள் மிருதங்கத்தைத் தொடுவதே அரிதாக இருந்த காலத்தில் அவர் கச்சேரி மேடையில் அதை வாசித்தார். மான்பூண்டியா பிள்ளையின் இன்னொரு மாணவர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கையால் வாசித்தவர். மேடையில் வயலின் கலைஞரும் இவரும் அமரும் இடம் மாற வேண்டியிருந்ததால் சிலர் அவரைத் தவிர்த்தனர். வாசிப்பு அந்தத் தடையை உடைத்தது.

இதே தாள அறிவுதான் நாடகத்தையும் வளர்த்தது. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் புதுக்கோட்டைக்கு வந்து மான்பூண்டியா பிள்ளையிடம் சந்தமும் தாளமும் கற்றார். திருப்புகழின் கடினமான சந்தங்களில் அவருக்குப் பிடிப்பு உண்டானது இங்கேதான். பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி' முதலிய நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதிய சுவாமிகளின் பாட்டுகள் எந்த ஊர் நடிகரும் எந்த மிருதங்கக்காரரோடும் பாடும்படி நிலைத்ததற்கு, அவற்றின் தாளக்கட்டு அத்தனை உறுதியாக இருந்ததே முதன்மையான காரணம். 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை அவர் தொடங்கினார். குருவும் மாணவரும் 1922ஆம் ஆண்டில், ஒரே ஆண்டில், மறைந்தனர்.

சுவாமிகளின் பாட்டுகளை அடித்தளமாகக் கொண்டதுதான் ஸ்பெஷல் நாடகம். கம்பெனி நாடகத்தில் நடிகர்கள் ஒரே இடத்தில் தங்கி ஒத்திகை பார்த்து ஊர் ஊராகச் செல்வார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி அழைக்கப்படுகிறார்கள். ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட், வேறொரு ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், மற்றோர் ஊரிலிருந்து பபூன் என்று வந்து அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். வசனத்தை அங்கேயே தர்க்கமாகக் கட்டிக்கொள்வார்கள். நாரதரும் வள்ளியும் தினைப்புனத்தில் நிகழ்த்தும் தர்க்கம் கேட்பவர்களின் உற்சாகத்துக்கு ஏற்ப மணிக்கணக்கில் நீளும். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் எனப்படும் பலவகைத் தட்டுவாத்தியத் தொகுதி, தாளம். இரவு பத்து மணிக்குமேல் பபூன் வந்து தொடங்கிவைத்தால் விடியும்வரை நடக்கும்.

நாடகத் தேதியும் நடிகர்களின் படமும் பெயரும் ஊரும் அச்சிட்ட நோட்டீஸ் பல நாள் முன்னதாகவே ஊர்ச்சுவர்களில் ஏறிவிடும். இன்ன ராஜபார்ட் என்பதைப் பார்த்தே கூட்டம் சேரும். மதுரை, திண்டுக்கல், காரைக்குடிபோலப் புதுக்கோட்டையிலும் நாடக நடிகர் சங்கம் அமைந்தது. பங்குனி முதல் ஆவணிவரை, அம்மன் கோயில் திருவிழாக்களின் காலமே நடிகர்களுக்கு வருமானக் காலம்.

இந்தச் சூழலில் வளர்ந்தவர் பி. யு. சின்னப்பா. 1916இல் புதுக்கோட்டையில் நாடக நடிகர் உலகநாத பிள்ளையின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே மதுரையின் பாலர் நாடகக் கம்பெனியில் நடித்து, 1936இல் 'சந்திரகாந்தா' வழியாகத் திரையுலகுக்கு வந்தார். 'உத்தமபுத்திரன்' (1940), 'ஆரியமாலா' (1941), 'கண்ணகி' (1942) ஆகியவை அவருக்குப் பெரும்புகழ் தந்தன. 1944இல் வந்த 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் ஒரே காட்சியில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரராகவும் அவரே பல உருவங்களில் அமர்ந்திருப்பார். பாட்டும் தாளமும் ஒரே உடம்பில் குடியிருந்த நடிகரால்தான் அந்தக் காட்சி நம்பும்படி அமைந்தது. 1951இல், 35 வயதில், அவர் புதுக்கோட்டையிலேயே காலமானார்.

கோயில் அரங்கை முடித்துவைத்த சட்டத்துக்கும் புதுக்கோட்டையோடு உறவு உண்டு. இசைவேளாளர் குலத்துத் தாய்க்கும் மகாராஜா கல்லூரி முதல்வர் நாராயணசாமி ஐயருக்கும் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, அதே கல்லூரியில் படிக்க அனுமதி பெற்ற முதல் பெண். சென்னை சட்டசபையில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947இல் சட்டமாக நிறைவேறியது. தாயின் குலத்துப் பெண்கள் பட்ட இழிவை வீட்டிலிருந்தே அறிந்தவர் எடுத்த முடிவு அது, நியாயமான முடிவு. ஆனால் வழக்கத்தோடு அந்தப் பெண்களின் மேடையும் மானியமும் போயின. கலையைக் காப்பாற்றி அதைச் சுமந்தவர்களைக் கைவிட்டது அந்தக் காலத்தின் குறை. ஏழு வயதில் விராலிமலை முருகனுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட முத்துக்கண்ணம்மாள், மற்றவர்கள் மறைந்த பிறகும் சதிரை நினைவில் வைத்திருந்து கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பத்மஸ்ரீ விருது அவருக்கு 2022இல்தான் வந்தது.

1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அரண்மனை ஆதரவு நின்றது. கலைஞர்கள் சென்னைக்கும் திருச்சிக்கும் வானொலி நிலையங்களுக்கும் சென்றனர். புதுக்கோட்டை வழி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது இந்தக் கட்டத்தில்தான். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர் திருச்சி சங்கரன் 1971இல் கனடாவின் டொராண்டோ நகரத்து யார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கர்நாடக இசைக் கல்வியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். தவில்காரர் ஒருவர் திருவாயால் சொல்லிக்கொடுத்த பாடம் நான்கு தலைமுறை கடந்து அயல்நாட்டு மாணவர்களுக்குப் பட்டப்படிப்பாயிற்று.

சொந்த ஊரில் அரசின் மாவட்ட இசைப்பள்ளி குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றைக் கற்பிக்கிறது. தட்சிணாமூர்த்தி பிள்ளையின் குருபூஜையில் லய வித்துவான்கள் கூடி வாசிக்கும் வழக்கமும் உண்டு. ஸ்பெஷல் நாடகத்துக்கு மட்டும் முறையான பள்ளி அமையவில்லை. அதன் பாடமும் தர்க்கமும் மூத்த நடிகர்களின் நினைவிலும் பழைய நோட்டுப்புத்தகங்களிலுமே இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே முழு நாடகங்களையும் ஒலியாகவும் ஒளியாகவும் பதிவு செய்து கல்லூரிகளில் பாடமாக வைப்பது இன்று உடனே செய்ய வேண்டிய பணி. வரும் கோடையில் ஊர்ச்சுவரில் 'வள்ளி திருமணம்' நோட்டீஸ் கண்ணில் பட்டால், வாசகர்கள் விடியும்வரை இருந்து பார்த்துவிட்டு வரவேண்டும்.