குளத்துப் பாசியில் டீசல் எடுக்கப் போன கதை

பாசியைப் பிழிந்தால் டீசல், மிஞ்சும் சக்கை மாட்டுக்கும் கோழிக்கும் தீவனம். கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்பாசி ஒரே நாளில் இரண்டு மடங்காகும். நல்ல விளைநிலம் வேண்டாம், உப்புத் தண்ணீரே போதும். வதோதராவில் வேதிப் பொறியாளராகக் காலம் தள்ளும் எனக்கு இந்தக் கனவின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அமெரிக்கா ஆடிப்போனது. 1978-ல் அதன் எரிசக்தித் துறை பாசி எண்ணெய்க்கென்றே ஒரு திட்டம் ஆரம்பித்தது. 18 வருடம், சுமார் 2.5 கோடி டாலர். 3,000-க்கும் மேற்பட்ட ரகங்களைச் சேகரித்து, சலித்து, 300 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நியூ மெக்ஸிகோ மாநிலத்து ராஸ்வெல்லில் 1,000 சதுர மீட்டர் குளங்களில் வளர்த்தும் பார்த்தார்கள்.

அங்கேதான் சிக்கல் ஒவ்வொன்றாக வந்தது. பாசிக்கு நைட்ரஜன் சத்தைக் குறைத்தால் உடம்பில் எண்ணெய் சேரும்; ஆனால் வளர்ச்சி நின்றுவிடும். மொத்தக் கணக்கில் லாபமில்லை. ராஸ்வெல் குளிரில் விளைச்சல் படுத்தது. ஆய்வகத்தில் பார்த்துப் பார்த்து வளர்த்த ரகத்தைக் குளத்தில் விட்டால், உள்ளூர்ப் பாசி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1,000 லிட்டர் குளத்து நீரை வடித்தால் கிடைப்பது சுமார் அரைக் கிலோ உலர்ந்த பாசி. அதைப் பிரித்துக் காய வைக்கவே எவ்வளவு எரிசக்தி வேண்டும், யோசித்துப் பாருங்கள். கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கும் கீழே கிடந்த காலம் வேறு. 1996-ல் கடையைக் கட்டினார்கள்.

2008-ல் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. கனவு மறுபடி எழுந்தது. 2009-ல் எக்ஸான் மொபில், கிரெய்க் வெண்டரின் நிறுவனத்தோடு சேர்ந்து 60 கோடி டாலர் வரை செலவிடப் போவதாக அறிவித்தது. அதுவும் பாசி ஆராய்ச்சியிலிருந்து விலகிவிட்டதாக 2023 தொடக்கத்தில் செய்தி வந்தது.

சரி, தீவனம்? 1960-களில் கலிபோர்னியாவில் சாக்கடை நீரில் வளர்த்த பாசியைப் பன்றிக்கும் ஆடுமாட்டுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். புரதம் நிறைய உண்டு. ஆனால் குளோரெல்லா போன்ற பாசியின் தடித்த செல் சுவர், அசை போடாத பிராணிகளுக்கு லேசில் செரிக்காது.

பிழைத்தது ஸ்பைருலினா. உயிரியல் கணக்கில் இது பாக்டீரியா. வழக்கத்தில் பாசி என்றே சொல்கிறோம். காரத் தண்ணீரில் வளர்வதால் மற்றப் பாசிகள் அங்கே அதிகம் தலைகாட்டாது. நீள இழையாக இருப்பதால் துணியிலேயே வடிகட்டலாம். செல் சுவரும் மெல்லியது. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக் கரைப் பெண்கள் இதைத்தான் வடித்து, வெயிலில் காய வைத்துக் குழம்பில் போடுகிறார்கள். சென்னையில் சி.வி. சேஷாத்ரியின் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் இதைக் கிராமத்துத் தொட்டிகளுக்குக் கொண்டுபோனது. புதுக்கோட்டைப் பக்கம் ஊனையூரில் பாரி நிறுவனம் பெரிய பண்ணையே வைத்தது. நம் கடற்கரை இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் குஞ்சுகளின் முதல் சாப்பாடும் நுண்பாசிதான்.

அதாவது, லிட்டர் கணக்கில் விற்க நினைத்தவர்கள் பூமியிலிருந்து உறிஞ்சும் எண்ணெயோடு மோதித் தோற்றார்கள். கிராம் கணக்கில் விற்றவர்கள் நின்றார்கள். மாட்டுத் தீவனமோ இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. புரதம் புண்ணாக்கைவிட அதிகம்தான், ஆனால் புண்ணாக்கு விலைக்கு வராதே!

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம்மைப் போல வெளி மாநிலத்தில் சம்பாதித்து ஊரில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களைத் தேடி, "பாசி வளருங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று முன்பணம் கேட்டு வருகிறார்கள். காய்ந்த பாசியை யாருக்கு, கிலோ என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். டீசல் என்று பதில் வந்தால், காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஊரில் அப்பா அம்மா இரண்டு கறவை மாடு வைத்திருந்தால் அசோலா போடச் சொல்லுங்கள். அது பாசியல்ல, நீரில் மிதக்கும் பெரணி. ஆனால் அதன் இலைக்குள் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவது ஒரு நீலப்பச்சை நுண்ணுயிரிதான். ஒரு குழி, ஒரு தார்ப்பாய், கொஞ்சம் சாணம் போதும். வங்கிக் கடன் வேண்டாம்.