வைட்ஹால் குமாஸ்தாக்கள்

பெரிய பதவியில் அமர்ந்திருப்பவருக்கே கவலை அதிகம். கீழ்ச் சிப்பந்திக்கோ மாலை மணி ஐந்தானதும் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது என்று நம்மில் பலர் எண்ணி வந்திருக்கிறோம். மேலதிகாரியின் இருதயத்தைப் பற்றி இரக்கத்தோடு பேசுவது காரியாலய வழக்கங்களுள் ஒன்று. இவ்வெண்ணம் தவறு என்பது லண்டன் மாநகரில், அதுவும் சர்க்கார் ஊழியர்களைக் கொண்டே, நிறுவப்பட்டது.

1967-ஆம் ஆண்டில் டொனால்டு ரீட், ஜெஃப்ரி ரோஸ் என்னும் மருத்துவ அறிஞர்கள், வைட்ஹால் இலாகாக்களில் பணிபுரிந்த ஏறக்குறைய 18,000 ஆடவரைப் பரிசோதித்து ஆராயத் தொடங்கினர். சுரங்க விபத்தோ ஆலைப் புகையோ அறியாதவர்கள் அவர்கள்; நிலையான உத்தியோகம் உடையவர்கள். ஆயினும், 1978-இல் மைக்கேல் மார்மட் முதலியோர் வெளியிட்ட முடிவு வேறு கதையைச் சொல்லிற்று. உயர்நிலை நிர்வாகிகளைக் காட்டிலும், வாயிற்காவலர், கடிதம் கொண்டுசெல்வோர் முதலிய கடைநிலை ஊழியரிடையே இருதய நோயால் நேர்ந்த மரணம் மூன்று மடங்குக்கும் மேற்பட்டிருந்தது. இடைப்பட்ட குமாஸ்தாக்கள் இடையிலேயே நின்றனர். படிக்குப் படி பதவி இறங்க இறங்க ஆபத்து ஏறிற்று. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தும் வேற்றுமையின் பெரும்பகுதிக்கு விளக்கம் கிட்டவில்லை.

ஆகவே 1985-இல் இரண்டாம் ஆய்வு தொடங்கிற்று. 20 இலாகாக்களைச் சேர்ந்த 10,308 பேர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்டிர். இம்முறை உடலோடு மனமும் வினவப்பட்டது. உறக்கம், சோர்வு, நம்பிக்கைக் குறைவு முதலியன பற்றி 30 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று அவர்களிடம் கொடுக்கப்பட்டது. வேலையின் நெருக்கடியும், உழைப்புக்கேற்ற மதிப்பின்மையும் மனத்தை வாட்டுவன. உடன் பணிபுரிவோரின் ஆதரவும், தன் வேலையைத் தானே நடத்திக்கொள்ளும் அதிகாரமும் அதனைக் காப்பன என்று தெரியவந்தது. ஆங்கிலத்தில் இவ்வதிகாரத்தைக் ‘கண்ட்ரோல்’ என்கிறார்கள். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் ஒரு சங்கடம். ‘கட்டுப்பாடு’ என்று எழுதினால் பொருளே தலைகீழாகி, ஊழியனைக் கட்டிவைப்பது நல்லது என்றாகிவிடும்!

ஆய்வு நடந்துகொண்டிருக்கையிலேயே எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்றும் வாய்த்தது. அரசாங்கக் கட்டடங்களைப் பராமரித்து வந்த இலாகா ஒன்றைத் தனியாரிடம் விற்பதென்று பிரிட்டிஷ் சர்க்கார் முடிவுசெய்து, 1990-களின் தொடக்கத்தில் அவ்வாறே விற்றது. இந்த இலாகாவின் ஊழியர்களும் ஆய்வில் இருந்தவர்களே. விற்பனைக்கு முன்பே, இன்னும் ஒருவர் வேலையும் போகாதிருந்த காலத்திலேயே, அவர்களது உடல்நலம் மற்ற இலாகாவினரைவிடச் சீர்கெடத் தொடங்கிவிட்டது. நடக்கப்போகிறது என்ற பேச்சே போதுமானதாயிருந்தது. விற்றபின், வேலை இழந்தவரும் நிச்சயமற்ற வேலையில் ஒட்டிக்கொண்டவரும் மனநலிவுக்கு அதிகமாக ஆளாயினர். மாற்றல் உத்தரவு வருமுன் பரவும் வதந்தியை அறிந்த நேயர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம் நாட்டில் இத்தகைய ஊழியரைக் காக்கச் சட்டம் வேறு வழியாக வந்தது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஊனம் என்னும் வரையறைக்குள் மனநோயும் சேர்க்கப்பட்டது. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்குதலோ பதவியிறக்குதலோ கூடாது. அப்பணிக்கு இயலாதவரானால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தரவேண்டும். அதுவும் இல்லையேல் தனிப்பணியிடம் ஏற்படுத்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதன் 47-ஆம் பிரிவு விதித்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2016-இல் இயற்றப்பட்ட சட்டமும், விதிவிலக்குப் பெற்ற சில அமைப்புகள் நீங்கலாக, இக்காப்பைத் தொடர்ந்து அளிக்கிறது.

நம்முடன் வடக்கே வந்து பணியாற்றிய நண்பர் ஒருவர், தம் மாத்திரைகளை வயிற்றுவலிக்கு என்று சொல்லிப் பல ஆண்டுகள் மேசை இழுப்பறையில் மறைத்து வைத்திருந்தார். உண்மை தெரிந்தால் வேலை போய்விடும் என்றே அவர் நம்பியிருந்தார். சட்டப் புத்தகமோ அதே அறையின் அலமாரியில் இருந்தது.