ஈட்டுக் காணியும் கிளைவின் தகப்பனும்

ரொபேர்ட் கிளைவ் என்றால் ஆற்காடும் பிளாசியும் ஞாபகம் வரும். அவனை அனுப்பிவைத்த தகப்பனை ஆரும் நினைப்பதில்லை. ரிச்சர்ட் கிளைவ், இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயரில் ஸ்டைச் என்ற பரம்பரைக் காணிக்குச் சொந்தக்காரர். காணியோடு கடனும் இருந்தது, பிள்ளைகளும் கனபேர்.

பள்ளிக்கூடங்களில் குழப்படி செய்த மூத்தவனுக்குக் கிழக்கிந்தியக் கம்பனியில் எழுத்தர் வேலை எடுத்துக் கொடுத்தார். அந்த வேலைக்கு மனு, சிபாரிசு, பிணை எல்லாம் வேண்டும். சம்பளமோ வருசத்துக்கு 5 பவுண்தான். 1743இல் கப்பலேறியவன் சென்னை வந்து சேர 1744 ஆகிவிட்டது.

1753இல் ஊர் திரும்பியவன், கொண்டுபோன பணத்தில் தகப்பனின் காணியை ஈட்டிலிருந்து மீட்டான். எங்களில் பலரும் இப்படித்தானே? ஐயா காணியை ஈடுவைத்து அனுப்பினார். நாங்கள் கோப்பை கழுவி மீட்டோம்.

ஆனால் கிளைவின் காசு, ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு நடந்த சண்டைக் காலத்தில், கம்பனிப் படைக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கும் பொறுப்பில் சேர்ந்தது. அந்தச் சண்டையில் அழிந்த தமிழ்க் கிராமத்து வயல்களை ஆர் மீட்டுக் கொடுத்தார்கள்?