சொடுக்கு பால் – பேர் வச்சது யாரு?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன் மக்கா. ஊருன்னா பாபநாசம். (தஞ்சாவூர்ப் பக்கத்து பாபநாசம் இல்லீங்க, இது தாமிரபரணி பாபநாசம்.) பயலுவ டென்னிஸ் பால்ல கிரிக்கெட் ஆடிட்டிருந்தானுவ. மொதப் பந்து ட்ரையல், அப்புறம் "ஆல் ரியல்ஸ்". பந்து ஆத்துல விழுந்தா அவுட்டு, அடிச்சவன்தான் எடுத்துட்டு வரணும். நான் ஆடின காலத்துச் சட்டம் அப்படியே இருக்கு.

அக்கா மவன் நடுவிரலை மடக்கி பந்தைச் சுண்டிக் காட்டி, "மாமா, இதான் கேரம் பால்"னான்.

"ஏலே, அது சொடுக்குல்லா!"

சிரிச்சுட்டான். எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு.

ரூமுக்கு வந்து தோண்ட ஆரம்பிச்சேன். ரெண்டாம் உலகப் போர் சமயம் நியூ கினியாவுல இருந்த ஆஸ்திரேலியச் சிப்பாய் ஜாக் ஐவர்சன், பொழுதுபோகாம டேபிள் டென்னிஸ் பந்தை நடுவிரலால சுண்டிப் பழகியிருக்கார். அந்த வித்தையை வச்சே 1950-51 ஆஷஸ்ல 21 விக்கெட்! அப்புறம் 2008 ஜூலை 6, கராச்சி, ஆசியக் கோப்பை ஃபைனல். இலங்கையோட அஜந்தா மெண்டிஸ் 13 ரன் கொடுத்து நம்மாளுங்க 6 பேரைத் தூக்கினார். அவரும் ராணுவத்துக்காரர்தான். (ராணுவத்துக்கும் நடுவிரலுக்கும் என்னவோ சம்பந்தம் இருக்கு :-)) 'கேரம் பால்'ங்கிற பேரு ஊரெல்லாம் பரவினது அவராலதான்.

ஆனா நம்ம அஸ்வின் இதைக் கத்துக்கிட்டது சென்னையில டென்னிஸ் பால் ஆடின ஒருத்தர்கிட்ட. அவரே சொல்லியிருக்கார். அவர் வாயில அது 'சொடுக்கு பால்'. டிவி கமெண்டரியில மட்டும் கேரம் ஆயிடும்.

பேர்ல என்ன இருக்குன்னு கேப்பீங்க. வினு மன்கட்டைக் கேட்டாத் தெரியும். 1947 டிசம்பர்ல சிட்னியில பில் பிரவுனை பௌலர் முனையில ரன் அவுட் பண்ணினார். விதிப்படி சரி. எதிரணி கேப்டன் பிராட்மேனே தப்பில்லன்னு எழுதினார். ஆனாலும் பத்திரிகைக்காரங்க பேரைத் திட்டாக்கிட்டாங்க. அது 'நியாயமற்ற ஆட்டம்'ங்கிற தலைப்புல இருந்து சாதா ரன் அவுட் பக்கம் போனது 2022 அக்டோபர்லதான். பேனா யார் கையிலயோ, பேரும் அவங்க வச்சதுதான்.

அமெரிக்காக்காரன் பேஸ்பால் வார்த்தைகளுக்குத் தனி அகராதியே வச்சிருக்கான். பால் டிக்சன் தொகுத்தது, 1989ல மொதப் பதிப்பு. 2009 பதிப்புல பத்தாயிரத்துக்கு மேல சொல்லாம். டக்-அவுட்ல பேசின பேச்சுக்கெல்லாம் பொறந்த கதை எழுதிட்டான். பொறாமையா இருந்துச்சு.

நானும் ஒரு நோட்டு போட்டேன். ரியல்ஸ், ஒன் பிட்ச் கேட்ச், பேபி ஓவர் (வைடா போட்டுத் தள்ளுறவனைப் பாதியிலயே நிறுத்துறது), ஜோக்கர் (ரெண்டு டீமுக்கும் ஆடுறவன்), சொடுக்கு. அஞ்சுதான் தேறுது. உங்க தெருவுல என்ன சொல்லுவீங்க? பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க மக்கா, ஊர் பேரோட.