வழித்துணைவரின் பெயர்வரிசை

பெருவீரரைப் பாடும் காப்பியங்களில், அவர்களுடன் சென்றோர் பெரும்பாலும் பெயரற்றவராகவே மறைந்துபோகின்றனர். கிரேக்கப் பெருங்கவி ஹோமரின் ஒடிசியில், நாயகன் ஒடிசியசுடன் துறோய் நகரினின்றும் புறப்பட்ட தோழர் அனைவரும் வழியிலேயே மாண்டனர். அவருட் பெயர் கூறப்பட்டோர் மிகச் சிலரே. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பொலோனியஸ் என்னும் புலவர் வேறு வழியை மேற்கொண்டார். பொன்மயிர்த் தோலைத் தேடிக் கடல் கடந்த யாசோனின் கதையைப் பாடப் புகுந்த அவர், கப்பல் புறப்படுமுன்னரே அதில் ஏறிய தோழரை ஊரும் குலமுங் கூறி வரிசைப்படுத்தினார்.

துணைவரைப் போற்றும் பாட்டு அத்துணைப் பழைமை வாய்ந்தது. அம்மரபு நம் காலத்தில் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் தளிர்த்திருக்கின்றது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் 'டொக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடரின் சுவைஞர், அதன் நாயகருடன் பயணஞ் செய்தோரின் பெயர்களை அடுக்கிப் பாட்டுப் புனைவதுண்டு. நாயகர் இருக்கத் துணைவரைப் பாடுவானேன்? இவ்வினாவுக்கு விடை அத்தொடரின் வரலாற்றிலேயே இருக்கின்றது.

அமெரிக்கச் சனாதிபதி கெனடி கொலையுண்ட மறுநாள், அதாவது 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், அத்தொடர் தொடங்கியது. நாயகரின் இயற்பெயர் எவரும் அறியார். 'டொக்டர்' என்றே அவரை அழைப்பர். பொலிஸ் பெட்டியொன்றின் வடிவில் அமைந்த கலத்தில் ஏறிக் காலத்தையும் வெளியையும் கடப்பவர் அவர். அவருடன் முதலிற் சென்றோர் மூவர்: பேர்த்தி சூசன், அவள் பயின்ற இலண்டன் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் இயன் செஸ்ரற்றன், வரலாற்று ஆசிரியை பாபரா றைற் என்போர். இவ்விருவரும் ஆசிரியராக அமைந்தது தற்செயலன்று. இளையோர்க்கு விஞ்ஞானமும் வரலாறும் புகட்டுதல் தொடரை வகுத்தோரின் நோக்கங்களுள் ஒன்று. பலவும் அறிந்த நாயகர் வினாவுதல் அரிது. வினாவுவோர் அருகிருந்தாலன்றிக் காண்போர்க்கு ஒன்றும் விளங்காது. கேள்வி எழாத வகுப்பறையிற் பாடம் நடவாதென்பதை ஆசிரியத் தொழிலிலுள்ளோர் நன்கறிவர்.

துணைவரின் பணி வினாவுதலோடு அமைந்துவிடவில்லை. 1964இல் வெளிவந்த கதையொன்றில், பழைய மெக்சிக்கோவின் அஸ்ரெக் மக்கள் பாபராவைத் தெய்வமென எண்ணி வணங்குகின்றனர். அவ்வதிகாரத்தைக் கொண்டு நரபலியை நிறுத்திவிட்டால், பின்னர் ஸ்பானியர் வரும்போது அந்நாகரிகம் அழியாது தப்பும் என அவர் நம்புகின்றார். நிகழ்ந்த வரலாற்றை மாற்ற இயலாதெனத் தடுக்கின்றார் டொக்டர். பாபரா முயன்று தோற்கின்றார். ஓட்லொக் என்னும் பூசகர் ஒருவரின் மனத்தை மாற்றியதே அவர் கண்ட பயன். ஆயினும், கொடுமையைக் கண்டு பொறுக்கமாட்டாத உள்ளம் அக்கதையில் அவருடையதே.

சிலர் இதனினும் பெரிய விலை கொடுத்தனர். 1965இல் துறோய் நகரத்துப் பணிப்பெண் கத்தரீனா, டொக்டரைக் கடவுளென்றும் கலத்தைக் கோயிலென்றும் கருதி உடன் வந்தாள். ஐந்தே வாரங்கள் தோன்றிய அவள், தன்னைப் பிடித்துக்கொண்ட குற்றவாளியுடன் வெட்டவெளியில் வீசப்பட்டு மாண்டாள். 1746இல் கலொடன் போரில் தோல்வியுற்ற ஸ்கொத்லாந்து மலைநாட்டாருள் ஒருவன் ஜேமி என்னும் குழலூதி. 1969இல் டொக்டரின் இனத்தார் அவனையும், வருங்காலத்துப் பெண்ணாகிய ஸொயியையும் தத்தம் காலத்துக்குத் திருப்பியனுப்பினர். அவர்தம் முதற் சந்திப்பைத் தவிர ஏனைப் பயணங்களின் நினைவெல்லாம் அவ்விருவர் உள்ளத்தினின்றும் துடைக்கப்பட்டது.

கதையில் நிகழ்ந்தது கதைக்கு வெளியேயும் நிகழ்ந்தது. அந்நாளில் ஒளிப்பதிவு நாடா விலையுயர்ந்த பொருள். மறுஒளிபரப்புக்கு நடிகரின் ஒப்பந்தங்களும் எல்லை வகுத்திருந்தன. ஆகவே பழைய பதிவுகள் துடைக்கப்பட்டு, நாடாக்கள் மீளவும் பயன்படுத்தப்பட்டன. வெளிநாடுகளுக்கு விற்பதற்கென எடுக்கப்பட்ட படச்சுருள்களிலும் பல அழிக்கப்பட்டன. 1978 அளவிலேயே இவ்வழிவு நின்றது. ஜேமி முதன்முதல் தோன்றிய கதையின் நான்கு பகுதிகளில் ஒன்றேனும் முழுப் படமாக எஞ்சவில்லை. எனினும், அழிந்த பகுதிகள் அனைத்தினதும் ஒலி இன்று நம்மிடையே உண்டு. தம் வீட்டிலிருந்தவாறே ஒலிப்பதிவுக் கருவிகளில் அவற்றைப் பதிந்துகொண்ட சுவைஞர் சிலரே அதனைக் காத்தளித்தனர். நைஜீரியாவில் ஒன்பது பகுதிகளின் படச்சுருள்கள் கிடைத்த செய்தி 2013இல் வெளியாயிற்று. அவற்றில் ஜேமியின் முகத்தை உலகம் மீண்டுங் கண்டது.

2022ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஒளிபரப்பான கதையின் இறுதியில், முன்னாள் துணைவர் பலர் ஒன்றுகூடித் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். அவர்களிடையே அமர்ந்திருந்தார் இயன் செஸ்ரற்றன். 1965இல் அவ்வேடத்தைத் துறந்த வில்லியம் ரசலே, 57 ஆண்டுகளின் பின், தமது 97ஆம் வயதில் மீண்டும் அதனை ஏற்றார். உருமாறும் இயல்பினரான டொக்டர் அப்பொழுது பெண்ணுருவில் இருந்தார். அச்செய்தி கேட்டு வியக்கின்றார் முதியவரான அவ்வாசிரியர். நாயகரின் முகம் பலமுறை மாறியபின்னும், முதல் முகத்தை நேரிற் கண்ட நினைவு அவரிடமே எஞ்சியிருந்தது. ரசல் 2024இல் காலமானார்.

ஆதலின், துணைவரின் பெயர்களை அடுக்கும் பாட்டை வெறும் பட்டியலென இகழ்தல் தகாது. ஆசிரியை, பணிப்பெண், குழலூதி, பத்திரிகையாளர், கடைச் சிப்பந்தி என அப்பெயர்க்குரியோருட் பெரும்பாலோர் எளியோர். நாடாவினின்றும் துடைக்கப்பட்டோரும், நினைவை இழந்தோரும் அவருள் உளர். அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது, பயணத்தின் சுமையைச் சுமந்தோர்க்குச் செலுத்தும் கடன். வரலாறு கற்பிப்போரும் மாணவரிடம் தலைவனின் பெயரை வினாவியபின், அவனுடன் சென்றோர் யாவர் என்றும் ஒருமுறை வினாவுவாராக.